மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வருகிறார்: முதல் ஆறு வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி இது: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். வீட்டில் இருப்பது இந்திய பாணி கழிவறை. பார்த்துக்கொள்ள மகளும் மகனும் மட்டும்தான். எதில் கவனம் வேண்டும்?

இன்று சாயங்காலமே ஒரு டேப்பை எடுத்து பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். வாக்கரின் அகலம் ஏறக்குறைய இரண்டடி. நம் வீட்டு பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்று கணக்கில் இருந்தாலும், நிலையும் கதவின் தடிமனும் போக உள்ளே கிடைக்கும் இடம் 24 அங்குலம்கூடத் தேறாமல் போகலாம். அம்மா நடு இரவில் அவசரமாக எழுந்து வந்து, வாக்கர் வாசலில் மாட்டிக்கொண்டு, அதை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து உள்ளே போவார். வீட்டில் பலர் விழுவது இப்படித்தான். வாக்கர் நுழையாது என்றால் பக்கவாட்டில் திருப்பி, நண்டு நடை போல ஓரடி ஓரடியாக நகர்ந்து உள்ளே போக ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு வாருங்கள். உள்ளே ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பக் கூடாது. ஆள் எடையை அது தாங்காது, சுவரில் அடித்த பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

இந்திய கழிவறையை இடிக்க வேண்டிய அவசியமில்லை. நடுவில் ஓட்டை வைத்த கமோடு ஸ்டூல் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். அதைக் குழிக்கு நேர் மேலே வைத்தால் போதும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும், காலடியில் ரப்பர் புஷ் தேயாமல் இருக்க வேண்டும், உட்காரும் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்தக் கழிவறையின் மேடை அறைத் தரையைவிட அரையடி உயரமாக இருந்தால் அந்த ஒரு படியே தடை. அப்படியானால் முதல் பத்து நாள் இரவுக்கு மட்டுமாவது படுக்கையருகே வாளி வைத்த கமோடு நாற்காலி வைத்துக்கொள்வது நல்லது. அம்மா கூச்சப்படுவார். கூச்சம் தீர ஒரு திரை கட்டிவிட்டால் சரி.

படுக்கை, நாற்காலி இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் மெத்தை மேல் மெத்தை போடுங்கள். கட்டில் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டாம், சரிந்துவிடும். கை வைத்த நாற்காலி கட்டாயம், ஏனென்றால் எழும்போது கைகள்தான் பாதி வேலை செய்யும். எழும் முறை: நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வந்து, ஆபரேஷன் காலைச் சற்று முன்னே நீட்டி, இரண்டு கையாலும் நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழுந்து, நின்ற பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தபடி வாக்கரை இழுத்து எழுந்தால் வாக்கர் ஆள்மேல் சாயும். நீங்களும் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தோள்பட்டை பிசகும், உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஒரு பருத்தித் துண்டை நீளவாக்கில் மடித்து அம்மாவின் இடுப்பில் இறுகக் கட்டி, ஆபரேஷன் கால் பக்கம் சற்றுப் பின்னால் நின்று, அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்வதே போதும்.

வாக்கர் உயரத்தை மற்றவர் வீட்டில் இரவல் வாங்கியபடியே விட்டுவிடுகிறார்கள். அம்மா செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு ரேகைக்கு நேராக வாக்கரின் பிடி வர வேண்டும். உயரம் குறைந்தால் கூன் போட்டு நடப்பார், முழங்கால் நீளாது. நடக்கும் வரிசை: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். முழு எடையையும் ஊன்றலாமா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் நாளிலிருந்தே ஊன்றச் சொல்வார்கள், ஆனாலும் உங்கள் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். புடவை வாக்கர் காலில் சிக்கும். ஆறு வாரத்துக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும் நைட்டியோ சுடிதாரோ போதும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு, வாசல் மிதியடி, தரையில் சுருண்டு கிடக்கும் பாய், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் நடைபாதையிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தையல் காயம் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், அதைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். முழங்கால் அப்படியில்லை. முதல் ஆறு வாரத்தில் அது எவ்வளவு நீள்கிறதோ, எவ்வளவு மடங்குகிறதோ, அதை ஒட்டித்தான் பிறகு நடை அமையும். உள்ளே உருவாகும் தழும்புத் திசு இறுகிப்போனால் பிறகு இளக்குவது பெரும்பாடு. அதனால் “பாவம், வலிக்கிறது, படுத்திருக்கட்டும்” என்று பாசத்தில் விடுவதுதான் வீட்டார் செய்யும் பெரிய தவறு.

அதிலும் குறிப்பாக ஒன்று: முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. வைத்தவுடன் இதமாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். தொடர்ந்து அப்படிப் படுத்தால் கால் சற்று மடிந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும், பிறகு அம்மா நொண்டி நடக்க வேண்டி வரும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்கால் அந்தரத்தில் தொங்கும்படி 10 நிமிடம் விடுவதே ஒரு பயிற்சி. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. பின்தொடையில் இழுக்கும், அது இழுக்கத்தான் வேண்டும்.

மற்ற பயிற்சிகளும் எளிமையானவைதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பாதத்தை மேலும் கீழுமாக இருபது முறை அசைப்பது. இது கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருக்க. காலை நீட்டி முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்து முறை. படுத்தபடி குதிகாலைத் தேய்த்துப் பிட்டம் நோக்கி இழுத்து மடக்குவது. பருத்தி விரிப்பில் குதிகால் வழுக்காது, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கீழே போட்டால் சுலபமாக வழுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் நல்ல காலை ஆபரேஷன் காலின் கணுக்காலுக்கு முன்னால் கொண்டுவந்து, அதனாலேயே மெல்லப் பின்னுக்குத் தள்ளி மடக்கலாம். நீங்கள் கையால் அழுத்தி மடக்க வேண்டாம். அம்மா தன் காலாலேயே தள்ளும்போது எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும்.

இலக்கு: இரண்டாவது வாரம் முடியும்போது ஏறக்குறைய 90 டிகிரி மடங்க வேண்டும், அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் கால் செங்குத்தாகத் தொங்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 110 முதல் 120 வரை போகும். நீட்டுவது முழுதாக, படுக்கையில் முழங்கால் பின்பக்கம் படியும் அளவுக்கு. ஆறு வாரத்திலும் 90 வரவில்லை என்றால் காத்திருக்காமல் சர்ஜனைப் பாருங்கள், தாமதித்தால் அவர் செய்யக்கூடியதும் குறைந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் செலவு கட்டுப்படியாகாது என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்க் கேளுங்கள்.

இதெல்லாம் வலி கட்டுக்குள் இருந்தால்தான் நடக்கும். “வலி வந்தால் மாத்திரை” என்று இருந்தால் பயிற்சி நேரத்தில் வலி உச்சத்தில் இருக்கும், அம்மா காலைத் தொடவே விடமாட்டார். முதல் இரண்டு வாரம் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். பயிற்சியை மாத்திரை போட்ட 45 நிமிடம், ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். இங்கே ஒரு கணக்கு முக்கியம். பாராசிட்டமால் தனியாக 650 மி.கி. இருக்கும், டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்த மாத்திரையிலும் 325 மி.கி. இருக்கும், அசிக்ளோபெனாக் என்ற வலி மருந்தின் கலவையிலும் இருக்கும். காய்ச்சல் என்று யாராவது இன்னொன்றைக் கொடுப்பார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 3,000 மி.கி. தாண்டாமல் பாருங்கள். உடல் மெலிந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால் அதற்கும் கீழே, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு. அசிக்ளோபெனாக், டைக்ளோபெனாக் வகை மாத்திரைகள் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. சீட்டில் ஐந்து நாள் என்றிருந்தால் ஐந்தே நாள். மெடிக்கல் ஷாப்பில் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குவது இங்கே சர்வசாதாரணம், அதைச் செய்யாதீர்கள். நரம்பு வலிக்கான பிரீகபாலின் கொடுத்திருந்தால் இரவில் தலைசுற்றும், சில முதியவர்களுக்கு இடம் புரியாமல் குழப்பம் வரும். அறையில் சிறு விளக்கு எரியட்டும், மூக்குக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், யாராவது ஒருவர் அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஒத்தடமும் வலியைக் குறைக்க உதவும். வெந்நீர்ப் பையிலேயே ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் நிரப்பி, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை, குறிப்பாகப் பயிற்சிக்குப் பிறகு. தையலும் டிரெஸ்ஸிங்கும் ஈரமாகக் கூடாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடும். எண்ணெய் தேய்த்து நீவுவது அறவே வேண்டாம். தையல் பிரியும் ஆபத்து ஒருபுறம். கெண்டைக்காலில் இரத்தக் கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து மறுபுறம். பார்க்க வரும் அத்தையோ பெரியம்மாவோ கையில் தைலப் புட்டியோடுதான் வருவார்கள். புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

காயத்துக்கு வருவோம். தண்ணீர் புகாத டிரெஸ்ஸிங் ஒட்டியிருந்தால், சர்ஜன் சொன்ன நாள்வரை அதைப் பிரிக்காதீர்கள். தினமும் பிரித்துப் பார்ப்பது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். உள்ளே சிறு இரத்தக் கறை தெரிவது பரவாயில்லை. டிரெஸ்ஸிங் ஊறி ஓரம் வரை நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஆன்டிசெப்டிக் பவுடர் எதுவும் வேண்டாம். தையல் அல்லது ஸ்டேப்ளர் பின் எடுப்பது பொதுவாக 12 முதல் 14 நாளில், சர்க்கரை உள்ளவருக்கு இரண்டொரு நாள் கூடலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஆகியும் காயத்தின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து நீர் கசிகிறது என்றால், பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். நேராக ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் போங்கள். உள்ளே இருப்பது உலோகம். கிருமி அதன்மேல் படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை எட்டாது. அரைகுறை ஆன்டிபயாட்டிக் கசிவைக் கொஞ்ச நாள் மறைக்கும், பரிசோதனையிலும் கிருமி சிக்காமல் போகும்.

சர்க்கரை கட்டில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலும் பார்த்து எழுதுங்கள். தொடர்ந்து 180-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தையும் பலர் கவனிப்பதில்லை: அம்மாவுக்குப் பசியில்லை, அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார், ஆனால் இன்சுலினும் மாத்திரையும் பழைய அளவிலேயே போகின்றன. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. “முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது” என்று ரசம் சோறும் பிரெட்டுமாகக் கொடுப்பார்கள். காயம் ஆறவும் தொடைத் தசை தேறவும் புரதம்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாத 60 கிலோ ஆளுக்கு இந்தச் சமயத்தில் ஒரு நாளைக்கு 70 கிராமுக்குக் குறையாமல் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. டம்ளர் பாலில் ஆறேழு, 100 கிராம் மீனில் 20 வரை, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் ஆறு. கூட்டிப் பார்த்தாலே தெரியும், ரசம் சோற்றில் அது எந்தக் காலத்திலும் வராது. சைவம் என்றால் காலையில் பெசரட்டு அல்லது அடை, பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், இரவு பன்னீர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

மலச்சிக்கல் வரும். டிரமடாலும் இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தால் நிச்சயம் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப் வேண்டுமா என்று டிஸ்சார்ஜின்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கொய்யா, பப்பாளி, கீரை கொடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: பெண்கள் எழுந்து போகும் சிரமத்துக்கும் மற்றவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்கும் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது, அந்தக் கிருமி இரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போகவும் கூடும். ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி கண்ணெதிரே வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் முக்கால்வாசி தீர்ந்ததா என்று பாருங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே. சிறுநீர் எரிச்சல், பல்வலி, பித்தவெடிப்பில் சீழ் எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் வைத்தியம் பாருங்கள். பல் டாக்டரிடம் மூட்டு மாற்றியிருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ, ரிவாராக்ஸபன் போன்ற மாத்திரையோ, வயிற்றில் போடும் ஊசியோ கொடுத்திருப்பார்கள். இரண்டிலிருந்து ஐந்து வாரம் வரை. வலி இல்லையே என்று இதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இது வலிக்கான மாத்திரையே அல்ல. தார் போலக் கறுத்து நாறும் மலம், நிற்காத மூக்கு இரத்தம் என்றால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரிடம் பேசுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுவென்று ஒட்டாது.

பயப்படத் தேவையில்லாதவை சில. தொடையிலிருந்து கணுக்கால்வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவது. தேங்கிய இரத்தம் கீழிறங்குவதுதான் அது. மூட்டு மாதக்கணக்கில் தொட்டால் சூடாக இருப்பது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, இது ஓரளவு நிரந்தரமாகவும் நிற்கலாம். நடக்கும்போது ‘டக் டக்’ என்ற சத்தம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்கின்றன. முதல் சில நாள் 100 டிகிரி பாரன்ஹீட் வரை லேசான சூடு.

அன்றே போன் செய்ய வேண்டியவை: 101-ஐத் தாண்டும் காய்ச்சல், குளிர் நடுக்கம், காயத்தைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, இரவெல்லாம் காலை உயர்த்தி வைத்தும் கெண்டைக்கால் வீக்கம் வடியாமல் அழுத்தினால் வலிப்பது, மூன்று நாளாக மலம் போகாமல் வாந்தியும் வருவது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல் என்றால் யாருக்கும் போன் செய்து யோசனை கேட்க வேண்டாம், 108 மட்டும்.

மாடிப்படி இருந்தால்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வாக்கர் படிக்கு ஆகாது. ஒரு கை கைப்பிடிச் சுவரில், மறு கையில் ஊன்றுகோல். நீங்கள் இரண்டு முறையும் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

மூன்றாவது வாரத்தில் விழிப்பாக இருங்கள். தையல் பிரித்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகளுக்கு லீவு முடிந்தது, மாத்திரையும் தீர்ந்தது. சரியாக அப்போதுதான் தூக்கம் கெட்டு, “ஏன்தான் பண்ணிக்கிட்டேனோ” என்று அம்மா சோர்ந்து, பயிற்சியை விட்டுவிடுவார். இரவுத் தூக்கக் குறைவு ஆறு வாரம் வரைகூட இருப்பது சகஜம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படுக்கும் முன் ஒரு பாராசிட்டமாலும் ஐஸும் உதவும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். தன் டம்ளரைத் தானே எழுந்து எடுக்கட்டும், காய்கறி நறுக்க நாற்காலியும் மேசையும் போட்டுக் கொடுங்கள். தரையில் உட்காருவது, குந்துவது இரண்டும் இனி இல்லை. பூஜை, தொழுகை, பந்தி எல்லாம் நாற்காலியில்தான்.

தையல் எடுக்கப் போகும் அன்று ஆட்டோவைவிடக் கார் நல்லது. முன் சீட்டை முழுதும் பின்னுக்குத் தள்ளி, சற்றுச் சாய்த்து, அம்மா முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சர்க்கரை எழுதிய தாளையும் மிச்ச மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் ஃபைலில் மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று அன்றே சரிபாருங்கள். கம்பெனி, அளவு, வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்கும், பதினைந்து வருடம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் சர்ஜன் முதலில் கேட்பது அதைத்தான். போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.